ரீல்ஸ்ல பார்த்த 'சீக்ரெட் ஃபால்ஸ்' தேடிப் போறீங்களா? குடும்பத்தோட ரூட் மாறும் முன் இதைப் படிச்சுட்டுப் போங்க!

ஆயுத பூஜை லீவு. கொல்லிமலை. அம்மா, அப்பா, அக்கா, மாமா, ஏழு வயசு அக்கா பொண்ணு, நான். ஆகாய கங்கை அருவிக்கு இறங்குற படிக்கட்டு வரைக்கும் கார் வரிசை நின்னுச்சு. "இந்தக் கூட்டத்துல எதுக்கு? யாருக்குமே தெரியாத ஒரு ஃபால்ஸ் இருக்கு, ரீல்ஸ்ல சேவ் பண்ணி வெச்சிருக்கேன்" என்று வண்டியைத் திருப்பச் சொன்னது நான்தான்.

தார் ரோடு முடிந்து மண் ரோடு, மண் ரோடு முடிந்து ஒற்றையடிப் பாதை. கடைசியில் பாறைகளுக்கு நடுவே கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும் ஒரு ஓடை. நிஜமாகவே அழகு. ஒருத்தர்கூட இல்லை. குட்டிப் பொண்ணு தண்ணீருக்கு நடுவில் இருந்த ஒரு பாறை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில்.

மேலே இருந்த மிளகுத் தோட்டத்திலிருந்து ஒரு பாட்டி சத்தம் போட்டார். "கண்ணு, மேக்க இருட்டிக்கிட்டு நிக்குது. புள்ளையத் தூக்கிக்கிட்டு மேல வாங்க." எங்களுக்குப் புரியவே இல்லை. மழையே இல்லையே? ஆனாலும் அவர் குரலில் இருந்த அவசரத்தைப் பார்த்து மாமா குழந்தையைத் தூக்கிவிட்டார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. தண்ணீர் டீ கலருக்கு மாறியது, சருகும் குச்சியும் மிதந்து வந்தன, அவள் உட்கார்ந்திருந்த பாறை கண்ணுக்கே தெரியவில்லை.

அன்றைக்கு அந்தப் பாட்டி அங்கே களை எடுத்துக்கொண்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்திருக்கிறோம். ஆனால் ஒரு விஷயம்: அதன்பிறகு நாங்கள் டூர் போவதை நிறுத்தவில்லை. கூட்டமில்லாத இடங்களுக்குத்தான் போகிறோம். போகிற விதம்தான் மாறிவிட்டது.

'ஆஃப் ரூட்' என்றால் எது?

எல்லோரும் போகாத இடத்துக்குப் போவது ஒன்று. பாதையே இல்லாத இடத்துக்குள் போவது வேறொன்று. நம்மில் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது குடும்பத்தோடு தாராளமாகச் செய்யலாம். இரண்டாவது, கூடவே பாதை தெரிந்தவர் இல்லாமல், குழந்தைகளோடு கூடவே கூடாது. பல இடங்களில் அது சட்டப்படி குற்றமும்கூட.

தமிழ்நாட்டு மலைகளில் நீங்கள் 'சும்மா காடு' என்று நினைக்கும் இடத்தில் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே நுழைந்தால் வனத்துறை வழக்குப் போடலாம், அபராதம் விதிக்கலாம். வேலி இருக்காது. சாலையோரம் ஒரு போர்டோ, பெயின்ட் அடித்த எல்லைக்கல்லோதான் இருக்கும். "போர்டைப் பார்க்கலை சார்" என்பது அங்கே எடுபடாது.

சட்டம் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்றால், குரங்கணி. 2018 மார்ச் 11. தேனி மாவட்டத்தில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த ட்ரெக்கிங் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள். மார்ச்சில் மலைப்புல் காய்ந்து கிடக்கும். காற்றும் சரிவும் சேர்ந்தால் தீ மேல்நோக்கி மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஏறும். அதற்குப் பிறகுதான் அதே ஆண்டு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது.

சரி, அப்போ கூட்டத்துலயேதான் நிக்கணுமா? தேவையே இல்லை. தெரிந்த ஊரின் தெரியாத பக்கம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு நான் கொல்லிமலையையே எடுத்துக்கொள்கிறேன். திட்டு வாங்கிய இடம்தானே, கொஞ்சம் நன்றாகவே தெரிந்துகொண்டேன்.

கொல்லிமலை: அருவியைத் தாண்டி

நாமக்கல் மாவட்டம், கிழக்குத் தொடர்ச்சி மலை. அடிவாரம் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். இதைத்தான் எல்லோரும் பைக்கில் வீடியோ எடுப்பார்கள். மேலே போனதும் அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை, ஒரு வியூ பாயின்ட், திரும்பி வந்துவிடுவார்கள். ஒரே நாளில் முடிந்துவிட்டது என்பார்கள். கொல்லிமலை அப்படி முடிகிற ஊர் இல்லை.

இந்த மலையின் கிராமங்களுக்குப் பெயரே 'நாடு' என்றுதான் முடியும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு... சங்க காலத்தில் வல்வில் ஓரி ஆண்ட மலை. கடையெழு வள்ளல்களில் ஒருவர். செம்மேட்டில் அவர் சிலை இருக்கிறது. இங்கே வாழும் மலையாளி பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் இல்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர்) பல தலைமுறைகளாகச் சாமை, தினை, ராகி விதைத்தவர்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களைக் காப்பாற்ற இங்கே நீண்ட காலம் வேலை செய்திருக்கிறது. இன்று பல வயல்களில் மரவள்ளிதான் நிற்கிறது என்றாலும், சரியான மாதத்தில் போனால் சரிவில் சாமைக் கதிர் ஆடுவதைப் பார்க்கலாம்.

எனவே என் பரிந்துரை இதுதான். ஒரு இரவு தங்குங்கள். காலை ஆறரைக்குக் கிளம்பி, தங்கியிருக்கும் இடத்திலிருந்து ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் இருக்கும் தார் ரோட்டிலேயே நடங்கள். ஆமாம், ரோட்டில்தான். சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, அதற்குக் கீழே காபிச் செடி, பள்ளத்தில் நெல் வயல், பலா மரத்தில் அடிமரத்திலேயே காய். எல்லாமே ரோட்டிலிருந்தே தெரியும். தாத்தா பாட்டியும் வரலாம், ஸ்ட்ரோலரும் வரும். காலை எட்டு மணி வரை வண்டிகள் மிகக் குறைவு. குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: கொடியில் இருக்கும் பச்சை மிளகைக் கண்டுபிடி, காபிப் பழம் என்ன கலர், எத்தனை பறவைச் சத்தம். பறித்துக் கடிக்க வேண்டுமென்றால் தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு. பெரும்பாலும் சிரித்துக்கொண்டே அவரே பறித்துக் கொடுப்பார். எங்க வீட்டுக் குட்டிக்கு மிளகு கொடியில் காய்க்கும் என்பதே அன்றுதான் தெரியும். (எனக்கும் காபிப் பழம் இனிக்கும் என்பது அன்றுதான் தெரியும்.)

சோளக்காட்டுச் சந்தையைத் தவறவிடாதீர்கள். மலை வாழை, அன்னாசி, பலா, மிளகு, தேன் என்று சீசனுக்கு ஏற்ப வரும். பலா வேண்டுமென்றால் மே முதல் ஜூலை. 'முடவாட்டுக்கால்' என்று ஆட்டுக்கால் போலவே ரோமம் படர்ந்த ஒரு கிழங்கை வைத்திருப்பார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி இனத்தின் தண்டு அது. சூப் வைத்துக் கொடுப்பார்கள். மூட்டு வலி பறந்துபோகும் என்பார்கள். அதற்கு நான் கேரன்டி இல்லை, ஆனால் குளிருக்குச் சூடாக மிளகு தூக்கலாக ஒரு டம்ளர் குடிக்கலாம், தப்பில்லை.

ஆகாய கங்கைக்கு இறங்கியே ஆக வேண்டுமென்றால், சுமார் 300 அடி அருவி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது எல்லோரும் ஹீரோ. ஏறும்போதுதான் அப்பாவுடைய பி.பி மாத்திரை ஞாபகம் வரும். பெரியவர்களைக் கோயில் பக்கமே உட்கார வைத்துவிட்டு இறங்குங்கள். அங்கே ஓடும் அய்யாறும், பழைய கோயிலும் அவர்களுக்குப் போதும். அருவியில் தண்ணீர் அதிகம் என்று ஊழியர்கள் இறங்க விடவில்லை என்றால் வாதம் செய்யாதீர்கள்.

ஆடிப் பெருக்கு நேரத்தில் வல்வில் ஓரி விழா, கோயில் கூட்டம் என்று மலையே நிரம்பிவிடும். அது தனி அனுபவம், ஆனால் அமைதி தேடுபவர்களுக்கு அந்த வாரம் வேண்டாம். நீண்ட வீக் எண்டும் வேண்டாம். செவ்வாய், புதன்கிழமை லீவு போட முடிந்தால், பாதி ஆஃப் ரூட் அதிலேயே கிடைத்துவிடும்.

கேட்க வேண்டிய ஆள் கூகுள் இல்லை

அன்றைய ஓடை விஷயத்தில் எங்கள் தப்பு எங்கே என்று மாமாவும் நானும் பலமுறை பேசியிருக்கிறோம். இடம் தப்பில்லை. யாரிடமும் கேட்காமல் போனதுதான் தப்பு. மண் ரோடு தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. அங்கே ஐந்து டீ சொல்லிவிட்டு, "அண்ணே, இந்தப் பக்கம் போகலாமா?" என்று கேட்டிருந்தால் போதும். மழைக்காலத்தில் மதியத்துக்கு மேல் ஓடையில் நிற்கக் கூடாது என்பது அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

"போகலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊர்க்காரர்கள் விருந்தாளியிடம் 'போகாதே' என்று சொல்லத் தயங்குவார்கள். இப்படிக் கேளுங்கள்: "உங்க வீட்டுப் புள்ளைங்களை இந்த நேரத்துக்கு அங்க அனுப்புவீங்களா?" முகத்திலேயே பதில் தெரிந்துவிடும். "கொஞ்ச தூரம்தான்" என்று அவர்கள் சொன்னால் கிலோமீட்டரில் கேட்காமல், "நீங்க நடந்தா எவ்வளவு நேரம்?" என்று கேட்டு, அதை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். மலையில் பிறந்தவர் நடைக்கும் ஏ.சி ரூமில் வேலை பார்ப்பவர் நடைக்கும் உள்ள வித்தியாசம் அது.

அதைவிட நல்லது, ஊரிலேயே ஒருவரை அரை நாளுக்கு வழிகாட்டியாகக் கூட்டிக்கொள்வது. நீங்கள் தங்கும் இடத்தில் கேட்டாலே சொல்வார்கள். தொகையை முதலிலேயே பேசிவிடுங்கள், கையில் ரொக்கமாக வைத்திருங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது. அடுத்த முறை நாங்கள் போனபோது அந்தப் பாட்டியின் மகன்தான் எங்களோடு வந்தார். அதே ஓடையை மேலே ஒரு திருப்பத்திலிருந்து காட்டினார். இறங்கவே தேவை இல்லாத, நிழலான ஒரு மேடு. எந்த ரீலிலும் அது இல்லை.

தண்ணீர்தான் முதல் வில்லன்

காடு என்றதும் எல்லோரும் பாம்பு, சிறுத்தை என்று பயப்படுகிறார்கள். குடும்பச் சுற்றுலாவில் நிஜமாகப் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. 2024 மே மாதம் பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். நூற்றுக்கணக்கான பேர் குளிக்கும், எல்லோருக்கும் தெரிந்த அருவி அது. அங்கேயே அப்படி என்றால், எச்சரிக்க யாருமே இல்லாத 'சீக்ரெட்' அருவியில்?

நீங்கள் நிற்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டும் என்ற அவசியமே இல்லை. மலை உச்சியில் பெய்தால் போதும். தண்ணீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, நனையாமல் இருந்த பாறை விளிம்பு திடீரென நனைவது, மேலேயிருந்து லாரி வருவது போல் ஒரு உறுமல். இதில் ஒன்றைப் பார்த்தாலும் செருப்பு, பை, போன் எதையும் எடுக்க நிற்காமல் பக்கவாட்டில் மேடேற வேண்டும். ஓடை ஓரமாகவே கீழே ஓடக் கூடாது. அக்கரையில் மாட்டிக்கொண்டால், கடந்து வர முயற்சி செய்யாமல் அங்கேயே உயரமான இடத்தில் காத்திருங்கள். மழை நின்றால் சிறிய ஓடைகளில் சில மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும்.

அருவிக்குக் கீழே இருக்கும் பச்சை நிறத் தடாகம் போட்டோவில் ஸ்விம்மிங் பூல் போலத் தெரியும். உள்ளே பாறைப் பொந்து இருக்கும், சுழல் இருக்கும், ஆழம் ஒரே அடியில் மாறும். மேலிருந்து குதிக்கவே வேண்டாம். குழந்தை தண்ணீரில் இருக்கும்வரை ஒரு பெரியவர் வேறெந்த வேலையும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "எல்லாரும் பார்த்துக்கிட்டுதான் இருந்தோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் இப்போது பெயர் சொல்லித்தான் ஒப்படைக்கிறோம்: "மாமா, இப்ப நீங்க டியூட்டி."

யார் மெதுவாக நடக்கிறாரோ அவர்தான் கேப்டன்

குடும்பத்தோடு போகும்போது திட்டத்தை உங்கள் வேகத்துக்குப் போடாதீர்கள். ஏழு வயசுக் குழந்தைக்கோ, முட்டி வலி இருக்கும் அம்மாவுக்கோ போடுங்கள். கிளம்பும்போதே திரும்பும் நேரத்தை முடிவு செய்துவிடுங்கள். மதியம் ஒரு மணி என்றால் ஒரு மணி. அந்த அருவி இன்னும் ஒரே வளைவு தள்ளி இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். மலைப் பள்ளத்தாக்கில் ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கும்.

70 வளைவு ஏறும்போது பின்சீட்டில் குட்டீஸ் வாந்தி எடுப்பது உறுதி. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டோ, சுத்தமாகக் காலி வயிற்றிலோ ஏற வேண்டாம். இரண்டு இட்லி போதும். போன் பார்க்க விடாமல், ஜன்னலைத் திறந்து தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இருபது வளைவுக்கு ஒரு முறை வண்டியை ஓரம்கட்டி இறக்கிவிடுங்கள். ஓட்டுபவருக்கு: இறங்கும்போது நியூட்ரல் கூடவே கூடாது. ஏறின கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கில் கருகல் வாசனை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழி.

இன்னொரு விஷயம், எந்த டிராவல் வீடியோவிலும் பேச மாட்டார்கள். டாய்லெட். கூட்டமில்லாத இடம் என்றால் டாய்லெட்டும் இல்லாத இடம் என்றே அர்த்தம். என் அம்மா, அக்கா இருவருமே இதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்து, மதியம் தலைவலியோடு உட்கார்ந்துவிட்டார்கள். இது பல வீடுகளில் நடக்கிறது. கிளம்பும் முன்பே எங்கே டாய்லெட் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, வீட்டுப் பெண்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஊரில் ஒரு வீட்டில் கேட்டால் மறுக்க மாட்டார்கள். வேறு வழியே இல்லை என்றால் ஓடையிலிருந்து நன்றாகத் தள்ளி, பாதையிலிருந்தும் விலகி. அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே ஒரு ஊர் குடிக்கும். பயன்படுத்திய நாப்கின், டயாபர், டிஷ்யூ எதையும் அங்கே போடாமல் ஜிப் வைத்த கவரில் கட்டித் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

பையில் என்ன? ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ் பாக்கெட், வழக்கமான மாத்திரைகள் ஒரு நாள் கூடுதலாக, டார்ச், விசில், பிஸ்கட்டைவிடக் கடலை மிட்டாய். செருப்பில் நடக்க வேண்டாம், பிடிப்பு உள்ள பழைய ஷூ போதும். புது ஷூவை மலைக்குப் போட்டுக்கொண்டு போய்க் கொப்புளத்தோடு வருவது தனிக் கதை.

அட்டை, தேனீ, பாம்பு

மழைக்காலத்தில் சோலைக்காட்டிலும் காபித் தோட்டத்திலும் அட்டை ஏறத்தான் செய்யும். அது ஆபத்தில்லை, அருவருப்புதான். பிய்த்து இழுக்காமல், நகத்தால் வாய்ப்பகுதியை நெம்பி நகர்த்துங்கள். உப்போ மூக்குப்பொடியோ வைத்தாலும் விழுந்துவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது சுரப்பதால், விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும். குழந்தை அதைப் பார்த்து அலறும். நீங்கள் அலறாமல் இருந்தால் போதும்.

மலைத்தேனீ அப்படி இல்லை. பெரிய பாறை விளிம்பிலும் உயரமான மரத்திலும் தட்டுத் தட்டாகத் தொங்கும். அதற்குக் கீழே கத்துவது, கல் எறிவது, புகை போடுவது, ட்ரோன் விடுவது எல்லாமே வினை. கலைந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு நிற்காமல் ஓடிப்போய் வண்டிக்குள்ளோ வீட்டுக்குள்ளோ புகுந்துவிடுங்கள். தண்ணீரில் குதிப்பது சினிமாவில் மட்டும்.

பாம்பு கடித்தால்: இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசு, வாட்சைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை, காலை அசையாமல் வைத்து, கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். தங்குமிடத்துக்குப் போனதுமே 'பக்கத்துல ஜி.ஹெச் எங்க?' என்று கேட்டு வைத்துக்கொள்வது ஒரு நிமிட வேலை. பாம்பைத் தேடிப் போட்டோ எடுக்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

போன் இருக்கு, சிக்னல் இல்லை

மேப்பை வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். ஜி.பி.எஸ் வேலை செய்ய டேட்டா தேவையில்லை, ஏர்பிளேன் மோடிலும் பெரும்பாலான போன்களில் உங்கள் புள்ளி தெரியும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும் என்பதால், ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுவதே நல்லது. உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் வேறு நெட்வொர்க் இருந்தால் 112 போகும். முயற்சி செய்யாமல் விடாதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 108.

போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஊரில் ஒருவருக்கு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். "ஆறு மணிக்குள்ள நான் பேசலைன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று தங்குமிட நம்பரோடு.

குழந்தைகளுக்கு வண்டியிலேயே ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள், விளையாட்டு போல. வழி தவறிவிட்டால் எங்களைத் தேடி ஓடாதே. பக்கத்தில் இருக்கும் மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நில். மூன்று முறை விசில் அடி, நிறுத்து, மறுபடியும் மூன்று. நாங்கள் வருவோம். தேடுபவர்களுக்கு நகரும் குழந்தையைவிட நிற்கும் குழந்தையைக் கண்டுபிடிப்பது எளிது. பெரியவர்களுக்கும் இதே விதிதான், ஆனால் நம் ஈகோ கேட்காது.

இல்ல, காட்டுக்குள்ளேயே போகணும்!

ஆசை புரிகிறது. அதற்கு முறையான வழி இப்போது இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வனத்துறை திறந்திருக்கிறது. ஆன்லைனில் புக் செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர், பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டியாக வருவார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருப்பார்கள். குழந்தைகளோடு என்றால் எளிதில் மட்டும் கை வையுங்கள். புக் செய்யும் முன் வயது விதியைப் படித்துவிடுங்கள். கோடையில் காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். குரங்கணி நடந்த மாதம் ஞாபகம் இருக்கும்தானே?

சென்னைக்காரர்களுக்கு என் முதல் சாய்ஸ் திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டி பக்கம் இருக்கும் குடியம் குகைகள். கூழாங்கற்கள் பதிந்த செம்பாறை, முள்காடு, பெரிய குகை வாய். கற்கால மனிதர்கள் புழங்கிய வட்டாரம் இது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்தார். அதன்பிறகு இந்தப் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. அங்கே கிடைத்தவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று பிற்காலத்து ஆய்வு சொல்கிறது. முதலில் பூண்டி அருங்காட்சியகத்தில் அந்தக் கற்களைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு அப்புறம் குகைக்குப் போனால், வெறும் பாறையாகத் தெரியாது. நிழல் குறைவு, டிசம்பர், ஜனவரிதான் சரி.

வீட்டில் இருப்பது டீனேஜ் பிள்ளைகள் என்றால் கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி. காலங்காலமாக வாகனச் சாலையே இல்லாமல் இருந்த ஊர். கோயில்கள் நிறைந்திருப்பதால் ஊருக்குள் செருப்பு போட மாட்டார்கள், நீங்களும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம், இறக்கம் முட்டியை வாங்கிவிடும். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி தேடாமல் முன்கூட்டியே பாருங்கள். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற கணக்கும் உண்டு.

திரும்பி வந்த பிறகு

மலைக்குப் போய் வந்து ஒன்று, இரண்டு வாரம் கழித்து யாருக்காவது விடாத காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் "மலைக்குப் போயிருந்தோம், புல்லுல உட்கார்ந்தோம்" என்று கட்டாயம் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம், வலிக்காது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் ஒளிந்திருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கிலேயே சரியாகிவிடும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் சோப்பு போட்டுக் குளித்து, போட்டிருந்த துணியை உடனே துவைக்கப் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, போட்டோ. போடுங்கள், தாராளமாக. வயலில் வேலை செய்பவர்களை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், அவர்கள் காட்சிப் பொருள் இல்லை. ஒற்றையடிப் பாதையில் போய்ச் சேரும் இடங்களின் லொகேஷனைப் பொதுவில் டேக் செய்யாதீர்கள். அங்கே பாதுகாப்பும் இல்லை, குப்பைத் தொட்டியும் இல்லை, வண்டி நிறுத்த இடமும் இல்லை.

எங்களை அந்த ஓடைக்கு இழுத்துப்போன ரீல் இன்னும் இருக்கிறது. மூன்று மாதம் முன்பு அதற்குக் கீழே போய், "மழைக்காலத்துல மதியத்துக்கு மேல இங்க இறங்காதீங்க, தண்ணி திடீர்னு ஏறும்" என்று எழுதினேன். எனக்குக் கீழே இதுவரை பதினோரு பேர் பதில் போட்டிருக்கிறார்கள். பத்து பேர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "லொகேஷன் ப்ளீஸ்!"